கணினிப் பேழையும் காற்றின் வழியும்

உள்ளிருக்கும் பொருளைப் போற்றுவார் பலர். அப்பொருளைத் தாங்கி நிற்கும் கலத்தைப் போற்றுவார் சிலர். ஏட்டினைப் போற்றிய நம் முன்னோர் ஏட்டுப் பெட்டியையும் போற்றினர். பூச்சியும் ஈரமும் புகாவண்ணம் பெட்டி அமையாதாயின் ஏடு நில்லாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இக்காலத்து ஏட்டுப் பெட்டி என்று சொல்லத்தக்க கணினிக்கும் அவ்வுண்மை பொருந்தும். ஆயினும், கணினி வாங்குவோர் அதன் செயலியின் விரைவையும் நினைவகத்தின் கொள்ளளவையும் துருவித் துருவி வினவுகின்றனரேயன்றி, அவையனைத்தையும் தாங்கும் தகரப் பெட்டியைப் பற்றி ஒரு வினாவேனும் எழுப்புகின்றாரல்லர்.

கடைகளிலே ‘கேசிங்’ என வழங்கும் அப்பெட்டியை இக்கட்டுரையிற் பேழை எனக் குறிப்போம். மேசைக் கணினியின் பேழையை, முன்னனுபவம் இல்லாத ஒருவர், எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே எவ்வாறு திருத்தியமைக்கலாம் என விளக்குவதே எமது நோக்கம். தமிழாசிரியனுக்குத் தகரத்தோடு என்ன தொடர்பு எனச் சிலர் நகைக்கலாம். பாடசாலைகளின் மூலைகளிலும் வீடுகளின் பின்னறைகளிலும் தூசி படிந்து கிடக்கும் கணினிகளைக் காணுந்தோறும் எழும் எண்ணமே எம்மை எழுதத் தூண்டிற்று. அவற்றுட் சில, உறுப்புப் பழுதினால் அன்றி, வெப்பம் வெளியேற வழியின்மையாலே தளர்ந்தவை. ஒரு விசிறியும் ஓரிரு நாள் உழைப்பும் அத்தகைய ஒரு கணினிக்கு மேலும் சில ஆண்டு வாழ்வை அளிக்குமாயின், அதனால் ஒரு பிள்ளையின் கல்வி தடையின்றி நடக்கும். இப்பயன் சிறிதன்று.

பேழையின் பணிகள்

பேழை செய்யும் பணிகள் நான்கு. முதலாவது தாங்குதல். தாய்ப்பலகை, வன்தட்டு, மின்வழங்கி ஆகிய உறுப்புகள் தத்தம் இடத்தில் அசையாது நிற்பதற்கு அது சட்டமாக உதவுகின்றது. இரண்டாவது காத்தல். தூசி, பூச்சி, சிந்தும் தேநீர், சிறுவர் கைவிரல் ஆகியவற்றிலிருந்து உறுப்புகளை அது காக்கின்றது.

மூன்றாவது பணி கண்ணுக்குப் புலனாகாதது. பேழையின் உலோக உடல், மும்முனைச் செருகியின் வழியாக நிலத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. இதனையே புவித்தொடுப்பு என்றும் பேச்சு வழக்கில் ‘ஏர்த்’ என்றும் சொல்லுவர். உள்ளே மின்கசிவு நேருமாயின், அம்மின் தொடுவோரைத் தாக்காது நிலத்துட் செல்ல இத்தொடுப்பே வழி செய்கின்றது. அன்றியும், கணினியின் உள்ளே எழும் வானொலி அலைகள் வெளியே பரவி ஏனைய கருவிகளைக் குழப்பாவண்ணம் தடுப்பதும் இவ்வுலோகச் சுவரேயாகும்.

நான்காவது பணி, காற்றுக்கு வழி வகுத்தல். இதனைப் பலரும் எண்ணுவதில்லை. பேழையைத் திருத்தியமைக்க விழைபவர் இந்நான்கையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். நான்காவது பணியைச் செம்மை செய்யப் புகுந்து முதல் மூன்றையும் கெடுத்துவிடலாகாது.

இக்கலையின் வரலாறு

ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் மேசைக் கணினிகள் பெரும்பாலும் மணல் நிறத்துப் பெட்டிகளாகவே வந்தன. 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். எனும் அளவுமுறையை வெளியிட்டது. தாய்ப்பலகையின் நீள அகலம் 305, 244 மில்லிமீற்றர் என்றும், திருகாணித் துளைகள் இன்ன இன்ன இடத்தில் அமைதல் வேண்டும் என்றும் அம்முறை வரையறுத்தது. 1997ஆம் ஆண்டில், 244 மில்லிமீற்றர்ச் சதுரமாகிய சிறிய வடிவமும் அதனோடு சேர்ந்தது.

இவ்வரையறையினால் விளைந்த நன்மை பெரிது. அம்முறையைத் தழுவிய பழைய பேழையொன்றில் இற்றை நாளைத் தாய்ப்பலகையையும் பொருத்தலாம். ஆகவே, ஒரு பேழையைத் திருத்துவதற்குச் செலவிடும் உழைப்பு அக்கணினியோடு மடிவதில்லை. அடுத்த கணினிக்கும் பயன்படும். எனினும், அலுவலகங்களுக்கென விற்கப்படும் கணினிகள் சில, தமக்கேயுரிய தனி அளவுகளைக் கொண்டவை. அவற்றைத் திருத்தப் புகுமுன் அளந்து பார்த்தல் நன்று.

1998ஆம் ஆண்டில் இருவேறு நிகழ்ச்சிகள் இக்கலைக்கு ஊக்கம் அளித்தன. அவ்வாண்டில் அப்பிள் நிறுவனம் ஒளி ஊடுருவும் நீலநிறக் கூட்டினையுடைய ஐமாக் கணினியை வெளியிட்டது. கணினி அழகாகவும் இருக்கலாம் என்பதை மக்கள் கண்டனர். அதே ஆண்டில் வந்த செலரன் 300ஏ எனும் மலிவான செயலியை, அதற்கு விதிக்கப்பட்ட 300 மெகாஹேட்ஸ் விரைவிலிருந்து 450 மெகாஹேட்ஸ் வரை பலர் ஓட்டினர். விரைவு கூடினால் வெப்பமும் கூடும். அவ்வெப்பத்தைப் போக்க ஆர்வலர் தகரத்தை அறுத்து விசிறி பொருத்தினர், அறுத்த கை, சாளரமும் வைத்தது, வர்ணமும் தீட்டியது. இன்று சாளரமும் ஒளிவிளக்கும் கொண்ட பேழைகள் கடையிலேயே கிடைக்கின்றன. ஆதலின், அழகிற்காக அறுக்கும் தேவை குறைந்துவிட்டது. காற்றிற்காகத் திருத்தும் தேவையோ பழைய கணினிகளைப் பொறுத்தவரை குறையவில்லை.

காற்றும் வெப்பமும்

கணினி உட்கொள்ளும் மின்சாரத்திற் பெரும்பகுதி இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. நூறு வாற்று மின்னை உட்கொள்ளும் கணினி, நூறு வாற்று வெப்பத்தை அறையினுட் சொரிகின்றது எனலாம். உள்ளே நுழையும் காற்று 10 பாகை செல்சியஸ் மட்டுமே சூடேறும்படி அவ்வெப்பத்தை வெளியேற்றுவதற்கு, வினாடிக்கு ஏறத்தாழ 9 லீற்றர் காற்று பேழையூடு செல்லுதல் வேண்டும். காற்றின் அளவு பாதியாகக் குறையின், சூடேற்றம் 20 பாகையாக உயரும்.

விசிறி குளிரை உண்டாக்குவதில்லை என்பதையும் இங்கு உணர்தல் வேண்டும். அது அறைக் காற்றை உள்ளே செலுத்துகின்றது, அவ்வளவே. அறையின் வெப்பம் 32 பாகையாயின், எத்தனை விசிறி வைத்தாலும் பேழையின் உள்வெப்பம் அதற்குக் கீழே இறங்காது. குளிர்நாட்டார் பேழையை நோக்கி வகுத்த கணக்கு நம் நாட்டு நண்பகலில் முழுவதும் செல்லாமைக்கு இதுவே காரணம். வெப்பம் எல்லை கடப்பின் செயலி தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். பல செயலிகளில் இவ்வெல்லை 100 பாகையை அண்மியதாகும். அதற்கும் மேற்செல்லின் கணினி தானாகவே நின்றுவிடும். ‘கணினிக்கு வயதாகிவிட்டது’ என நாம் சொல்லும் தளர்ச்சியுட் சில, இத்தற்காப்பின் விளைவேயாம்.

காற்று நீரைப் போன்றது. எளிய வழியையே நாடும். நம் தோட்டங்களிலே கிணற்றடியில் வாய்க்கால் உடைந்துவிட்டால், நீர் அவ்வுடைப்பிலேயே ஒழுகிவிடும். கடைப்பாத்திக்கு ஒரு துளியும் சேராது. பேழையிலும் அவ்வாறே. காற்றை வெளித்தள்ளும் பின்விசிறிக்கு மிக அண்மையில் ஒரு திறப்பை அமைத்தால், அவ்வழியாக வரும் காற்று செயலியைத் தீண்டாமலே வெளியேறிவிடும். கீழ்முன்புறத்தில் நுழைந்து, உறுப்புகளைத் தழுவி, மேற்பின்புறத்தில் வெளியேறுவதே காற்றுக்குரிய நல்வழி. சூடான காற்று இயல்பாகவே மேலெழுவது இதற்கு ஒரு சிறு துணை. ஆயினும் விசிறியின் விசையே பெரிது என்பதால், திறப்புகளின் இடமே காற்றின் போக்கைத் தீர்மானிக்கின்றது.

விசிறியின் பருமனும் கருதற்பாலது. 80 மில்லிமீற்றர் விசிறியைவிட 120 மில்லிமீற்றர் விசிறி பரப்பில் இரண்டேகால் மடங்கு பெரியது. ஆதலின், அதே அளவு காற்றை மெதுவாகச் சுழன்றே செலுத்திவிடும், இரைச்சலும் குறையும்.

வெட்டுமுன் ஆராய்தல்

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. அரிவாளை எடுக்குமுன் மரத்தைச் சுற்றி வருபவனே நல்ல தச்சன். எனவே, முதலிற் கணினி நிற்கும் இடத்தை நோக்குக. மேசையின் மூடிய அறைக்குள் அது அடைபட்டிருப்பின், வெளியேறிய வெப்பக் காற்றையே மீண்டும் உள்வாங்கும். அதனை வெளியே எடுத்து, சுவருக்கும் பின்புறத்துக்கும் இடையே ஒரு சாண் அளவேனும் இடைவெளி விடுக.

அடுத்து, மின்செருகியைக் கழற்றிய பின் பேழையைத் திறந்து தூசியை நீக்குக. மென்மையான தூரிகை போதும். காற்றூதியைப் பயன்படுத்துவோர் விசிறியின் இதழ்களை விரலாற் பிடித்துக்கொண்டே ஊதுதல் வேண்டும். இன்றேல் அவை அளவுமீறிச் சுழன்று கெடும். பின், காற்று வரும் வழியிற் குறுக்கே கிடக்கும் கம்பிகளை ஒதுக்கிக் கட்டுக. உள்ள விசிறிகள் யாவும் சுழல்கின்றனவா எனக் காண்க. விசிறிக்கென ஆலையிலேயே இட்ட துளைகள் வெறுமையாக இருக்குமாயின், அங்கே ஒரு விசிறியைப் பொருத்துக. இவை எவற்றுக்கும் தகரத்தை அறுக்கவேண்டியதில்லை.

இவற்றைச் செய்தும் வெப்பம் தணியாதாயின், ஓர் எளிய சோதனையைச் செய்க. கணினியின் வெப்பநிலையைக் காட்டும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பேழையை மூடிய நிலையில் அரை மணி நேரம் ஒரே வேலையைக் கொடுத்து, செயலியின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்க. பின் இடப்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, அதே அறையில், அதே வேலையை, அதே நேர அளவுக்குக் கொடுத்து மீண்டும் குறிக்க. தகட்டைக் கழற்றியதும் வெப்பநிலை எட்டுப் பத்துப் பாகை இறங்குமாயின், குறை காற்றின் வழியிலேயே உளது. பேழையைத் திருத்தினாற் பயன் உண்டு. ஒன்றிரண்டு பாகையே இறங்குமாயின், குறை வேறிடத்தது. செயலிக்கும் அதன் வெப்பத்தகட்டுக்கும் இடையிலுள்ள பசை உலர்ந்திருக்கலாம். அதன் விசிறி தளர்ந்திருக்கலாம். அந்நிலையிற் பேழையை எவ்வளவு அறுத்தாலும் பயன் விளையாது. இச்சோதனைக்குச் செலவு ஏதுமில்லை. ஆயினும் வீண் உழைப்பு முழுவதையும் இது தடுத்துவிடும்.

முதல் வெட்டுக்குரிய இடம்

அறுக்க வேண்டும் எனத் துணிந்தவர் முதல் வெட்டைப் பக்கத் தகட்டிலே செய்தல் நன்று. அத்தகடு தனியே கழன்று வருவது. உறுப்பு எதனையும் தாங்காதது. அதனை முற்றத்திற்கு எடுத்துச் சென்று அறுக்கலாம். வெட்டுப் பிழைத்தாலும் கெடுவது ஒரு தகடேயன்றிக் கணினியன்று. பேழையின் உடலையே அறுக்க நேருமாயின், தாய்ப்பலகை முதலாக உறுப்புகள் அனைத்தையும் வெளியே எடுத்துவிடல் வேண்டும். உலோகத்துகள் மின்னைக் கடத்துவது. எள்ளளவு துகள் தாய்ப்பலகையின் இரு முனைகளுக்கிடையே வீழ்ந்தாலும் அப்பலகை அழிதல் கூடும். ஆதலின், உறுப்புகள் உள்ளிருக்கத் துளையிடுதல் எக்காரணத்தாலும் ஆகாது.

பக்கத் தகட்டில் 120 மில்லிமீற்றர் விசிறியொன்றைப் பொருத்துவதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இடம் தேரும்பொழுது மூன்றினை நோக்குக. விசிறி, செயலிக்கும் வரைகலை அட்டைக்கும் நேரே, பின்விசிறியிலிருந்து விலகி அமைதல் வேண்டும். விசிறியின் தடிப்பு பெரும்பாலும் 25 மில்லிமீற்றர் ஆதலின், தகட்டுக்கும் செயலியின் வெப்பத்தகட்டு உச்சிக்கும் இடையே அதனினும் கூடிய வெளி உண்டா என அளக்க. இல்லையாயின் விசிறியைத் தகட்டின் வெளிப்புறத்திற் பொருத்தலாம். தகட்டின் விளிம்பு மடிப்புகள் பேழைச் சட்டத்திற் செருகும் இடங்களைத் தீண்டலாகாது.

கருவிகளும் காப்பும்

வேண்டிய கருவிகள் பல அல்ல. அடிமட்டம், மூலைமட்டம், கவராயம், கூரிய உருக்காணி, சுத்தியல், ‘ட்றில்’ எனப்படும் மின்துறப்பணம், 3, 4, 4.5 மில்லிமீற்றர் அலகுகள், தகரக் கத்தரிக்கோல், அரைவட்ட அரம், அரத்தாள், தகட்டின் கீழே வைப்பதற்கு ஒரு பலகைத் துண்டு, தகட்டை இறுக்குவதற்கு இரு கவ்விகள் ஆகியனவே அவை.

கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இன்றித் துளையிடற்க. வெட்டிய தகட்டைக் கையாளும்போது தடித்த கையுறை அணிக. ஆனாற் சுழலும் துறப்பணத்தை இயக்கும்போது கையுறையைக் கழற்றிவிடுக. துணி அலகிற் சிக்கினாற் கையையும் உடன் இழுக்கும். தொங்கும் சால்வை, நீண்ட சட்டைக்கை ஆகியனவும் அவ்வாறே ஆபத்தானவை. மாணவர் இவ்வேலையைப் பெரியோர் துணையின்றிச் செய்யலாகாது.

மின்வழங்கியைப் பற்றித் தனியே ஒரு சொல். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அது மின்வழங்கியினுள் நேரோட்டமாக மாறும்பொழுது 325 வோல்ற்று அளவை எட்டும். அவ்வழுத்தத்தைத் தேக்கிவைக்கும் கொள்ளளவிகள், செருகியைக் கழற்றிய பின்னரும் சிறிது நேரம் மின்னை வைத்திருத்தல் கூடும். ஆதலின், மின்வழங்கியின் மூடியை எந்நிலையிலும் திறவற்க. அதனைக் கழற்றலாம், மாற்றலாம், உள்ளே கைவைத்தல் ஆகாது.

உறுப்புகளைத் தொடுமுன் பேழையின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுக. நம் உடலிற் சேர்ந்திருக்கும் நிலைமின் அதனால் நீங்கும். நமக்குச் சிறிதும் புலனாகாத நிலைமின் பாய்ச்சலும் நுண்ணுறுப்புகளைக் கெடுக்க வல்லது.

வெட்டும் முறை

தகட்டின் வெளிப்புறத்தில் வெட்டப்போகும் பகுதி முழுவதும் காகித ஒட்டுநாடாவை ஒட்டுக. அதன்மேற் கோடு கீறுவதும் எளிது. வர்ணத்திற் கீறலும் விழாது. விசிறியின் மையத்தைக் குறித்து, அம்மையத்தைச் சுற்றி 105 மில்லிமீற்றர்ச் சதுரம் ஒன்று வரைக. அதன் நான்கு மூலைகளே திருகாணித் துளைகளுக்குரிய இடங்கள். பின் அதே மையத்திலிருந்து 57.5 மில்லிமீற்றர் ஆரையில் ஒரு வட்டமும், 54.5 மில்லிமீற்றர் ஆரையில் மற்றொரு வட்டமும் கீறுக. வெளிவட்டம் முடிவான விளிம்பு. உள்வட்டம் துளையிடும் வரிசை. வரைந்த பின் விசிறியையே அதன்மேல் வைத்து, துளைகள் பொருந்துகின்றனவா எனச் சரிபார்க்க.

வட்ட வாள் உடையோர் 114 மில்லிமீற்றர் அலகினால் ஒரே முறையில் வெட்டிவிடலாம். அஃது இல்லாதோர் தொடர்துளை முறையைக் கைக்கொள்க. உள்வட்டத்தின்மேல் 5 மில்லிமீற்றருக்கு ஒன்றாக உருக்காணியால் மெல்லத் தட்டிக் குழியிடுக. குழியில்லாத இடத்தில் அலகு வழுக்கியோடும். பின் தகட்டைப் பலகைமேற் கவ்வியால் இறுக்கி, 3 மில்லிமீற்றர் அலகினால் துளையிட்டு, அதே துளைகளை 4 மில்லிமீற்றராக அகட்டுக. ஏறத்தாழ எழுபது துளைகள் வரும். துளைகளுக்கிடையே ஒரு மில்லிமீற்றர் தகடே எஞ்சியிருக்கும். அதனைத் தகரக் கத்தரிக்கோலாலோ சிறிய உளியாலோ வெட்டினால் வட்டம் கழன்றுவிடும். பற்பல்லாக நிற்கும் விளிம்பை அரைவட்ட அரத்தால் வெளிவட்டம் வரை தேய்த்து, அரத்தாளால் மழுக்குக. திருகாணித் துளைகளை 3 மில்லிமீற்றரில் தொடங்கி 4.5 மில்லிமீற்றரில் முடிக்க.

அரத்தால் தேய்க்கும் பகுதியே பொறுமையைச் சோதிப்பது. விரைந்து முடிக்க எண்ணுவோர் விரலைக் கீறிக்கொள்வர். பணி முடிந்ததும் தகட்டை நீரில் நன்கு கழுவி உலர்த்துக. துணியிற் சுற்றிய காந்தத்தை அதன்மேல் உலாவவிட்டால் எஞ்சிய இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும்.

பேழைத் தகடுகள் பெரும்பாலும் நாகப்பூச்சுப் பெற்ற உருக்கினால் ஆனவை. வெட்டிய விளிம்பில் அப்பூச்சு அற்றுப்போகும். கடற்காற்று வீசும் ஊர்களிலே அவ்விளிம்பு விரைவிற் துருப்பிடிக்கும். ஆதலின் அதற்கு முதற்பூச்சும் மேற்பூச்சும் மெல்லிதாக இட்டு, காய்ந்த பின் இரப்பர் விளிம்புப்பட்டியைச் செருகுக. தகடு முழுவதற்கும் வர்ணம் தீட்ட விரும்புவோர், தகடும் சட்டமும் ஒன்றையொன்று தொடும் இடங்களை ஒட்டுநாடாவால் மறைத்துவிட்டே தீட்டுதல் வேண்டும். அவ்விடங்களில் வர்ணம் படிந்தால் புவித்தொடுப்பு அறுந்துவிடும். முன்னர் யாம் கூறிய மூன்றாவது பணி கெடுவது இவ்வாறேயாகும். மும்முனைச் செருகியின் நிலமுனையை நீக்கிவிட்டு இருமுனையாற் கணினியை இயக்குவோரும் இத்தீங்கையே தேடிக்கொள்கின்றனர்.

காற்றுக்காக அன்றி அழகிற்காகச் சாளரம் அமைக்க விழைவோருக்கும் வெட்டும் முறை இதுவே. 3 மில்லிமீற்றர் அக்கிரிலிக் தகடு அதற்குப் போதும். அதன் காப்புத் தாளை உரிக்காமலே, துறப்பணத்தை மெதுவாக ஓட்டித் துளையிடுக. விரைந்து ஓட்டினால் அது சூட்டில் உருகி அலகைப் பற்றிக்கொள்ளும்.

விசிறியைப் பொருத்துதல்

விசிறியின் எப்பக்கத்தில் தாங்குசட்டங்கள் குறுக்கே அமைந்துள்ளனவோ, அப்பக்கமாகவே காற்று வெளியேறும். சில விசிறிகளின் ஓரத்தில் அம்புக்குறியும் உண்டு. காற்றை உள்ளே செலுத்தும்படி விசிறியைத் திருப்பி, வெளிப்புறத்தில் விரற்காப்புக் கம்பிவலையும், தூசியைத் தடுக்க மெல்லிய நைலோன் வலையும் சேர்த்துப் பூட்டுக. உள்நுழையும் காற்று வெளியேறுவதைவிடச் சற்றே மிகுந்திருப்பின், இடுக்குகளின் வழியாகக் காற்று வெளியே கசியுமேயன்றித் தூசி உள்ளே புகாது. ஆயினும் வலை காற்றையும் ஓரளவு தடுக்கும்; மாதம் ஒருமுறை அதனைக் கழுவாவிடின் வலை வைத்த பயன் எதிராகிவிடும்.

மின்னிணைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பேழை விசிறிகள் பெரும்பாலும் 12 வோல்ற்றில் ஓடுவன. மும்முனை விசிறிகளிற் பொதுவாகச் சிவப்புக் கம்பி 12 வோல்ற்று, கறுப்பு நிலம், மஞ்சள் சுழற்சியைக் கணக்கிடுவது. மின்வழங்கியிலிருந்து வரும் நான்முனைச் செருகியிலோ மஞ்சள் 12 வோல்ற்று, சிவப்பு 5 வோல்ற்று. நிறம் ஒன்றாயினும் பொருள் வேறு. நிறத்தை மட்டும் நம்பிக் கம்பிகளை முறுக்கி இணைப்போர் இங்கே வழுக்கி வீழ்வர். தாய்ப்பலகையில் விசிறிக்கென உள்ள முனையிற் செருகுவதே தொடக்கக்காரருக்கு ஏற்றது. பக்கத் தகட்டைக் கழற்றும்போது அறுந்துவிடாதபடி கம்பிக்குப் போதிய நீளம் விட்டு, இதழ்களிற் சிக்காதவாறு ஒதுக்கிக் கட்டுக.

பயனைச் சோதித்தல்

வேலை முடிந்தது; இனிப் பயனை அளத்தல் வேண்டும். முன்னர்ச் செய்த சோதனையை, அதே அறையில், நாளின் அதே பொழுதில், அதே வேலையைக் கொடுத்துத் திரும்பச் செய்க. நண்பகலில் எடுத்த அளவை இரவில் எடுத்த அளவோடு ஒப்பிட்டால், விசிறியின் பயனன்று, இரவின் குளிர்ச்சியே எண்ணிக்கையில் தோன்றும். பின் விசிறியைத் திருப்பிப் பொருத்தி, காற்று வெளியேறும் வகையிலும் ஒருமுறை அளக்க. எவ்வகையில் வெப்பநிலை குறைவோ அவ்வகையே அப்பேழைக்கு உரியது.

காற்றின் போக்கைக் கண்ணாற் காண விரும்புவோர் எரியும் ஊதுபத்தி ஒன்றைத் திறப்புகளுக்கு வெளியே, பிளாஸ்ரிக்கைத் தீண்டாத தூரத்தில், சிறிது நேரம் பிடித்துப் பார்க்கலாம். புகை எங்கே உள்ளிழுக்கப்படுகின்றது, எங்கே வெளித்தள்ளப்படுகின்றது, எங்கே அசைவற்று நிற்கின்றது என்பன யாவும் அப்பொழுதே விளங்கும். நூலிற் படித்த வளியியல் கண்முன்னே நிகழக் காணும் மாணவன், அப்பாடத்தை எளிதில் மறவான்.

முடிவாக

பேழையைத் திருத்துதல் என்பது காற்றுக்கு வழி வகுத்தலேயாம். வெட்டுதல் அதன் இறுதிப் படி, முதற்படியன்று. இடம் மாற்றியதும், தூசி நீக்கியதும், கம்பி ஒதுக்கியதும் பயன் தந்துவிட்டால், அரத்தை எடுக்காமலே வேலை முடிந்தது என மகிழ்க. அறுத்தே ஆகவேண்டுமாயின், அளந்து, துகளகற்றி, புவித்தொடுப்பைக் காத்து அறுக்க.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாம் பயன்படுத்திய கணினிகளைக் கல்விக்கூடங்களுக்கு அனுப்பும் நன்மனம் படைத்தோர் உங்களுட் பலர். அனுப்புமுன் பேழையை ஒருமுறை திறந்து, தூசி நீக்கி, மேற்கூறிய சோதனையைச் செய்து, வேண்டுமாயின் ஒரு விசிறியையும் சேர்த்து அனுப்புவீராயின், அக்கொடை இரட்டிப்பாகும். குளிரூட்டிய அறையில் நன்கு ஓடிய கணினி, ஓட்டுக் கூரையின்கீழ் நண்பகலில் அவ்வாறே ஓடும் என எண்ணலாகாது.

மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். எழுதும் கையும் அரம் பிடிக்கும் கையும் ஒரே கைதான். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கருதும் மனப்பான்மை நம்மிடையே நெடுங்காலம் வேரூன்றிவிட்டது. கணினியைப் பயன்படுத்தக் கற்ற நீங்கள், அதனைத் திறந்து பார்க்கவும், அதன் குறையை அளந்து அறியவும், கூடுமாயின் உங்கள் கையாலேயே அதனைப் போக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பழுதென ஒதுக்கப்பட்ட பொருளொன்று உங்கள் கைபட்டு மீண்டும் ஓடத் தொடங்கும்பொழுது எய்தும் மகிழ்ச்சியை எந்தப் பரீட்சைப் பெறுபேறும் தந்துவிடாது.

கல்லூரி அன்னை நீடூழி வாழ்க!